பொன்னுச்சாமி வீட்டுக் கேடயம்

என் தங்கை நாகலெட்சுமியைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை பொன்னுச்சாமி தன் படிப்பைப் பற்றியும் சொல்லவில்லை, நிலம் எத்தனை ஏக்கர் என்றும் சொல்லவில்லை. மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, "எங்க வீட்டுல கேடயம் இருக்கு" என்றார். ஏதோ கபடிப் போட்டியில் ஜெயித்து வாங்கியதாக்கும் என்று நினைத்த என் அய்யா, "எந்த வருஷம் மாப்ள ஜெயிச்சீக?" என்று கேட்டுவிட்டார். பொன்னுச்சாமியின் முகம் போன போக்கைப் பார்த்து, இந்த ஆளைக் கிண்டல் பண்ணியே ஆயுசைக் கழித்துவிடலாம் என்று அன்றைக்கே நான் முடிவு செய்தேன். முப்பத்தோரு வருஷமாக அந்த வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

நான் முத்துகிருஷ்ணன். கடலாடி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனுவும் எழுதிக் கொடுப்பேன். பொன்னுச்சாமிக்கு மட்டும் மனு எழுதுவது பெரும்பாடு. மிளகாய்க்குப் பயிர்க் காப்பீடு கேட்டு எழுதினாலும் சரி, ரேஷன் கார்டில் பெயர் திருத்த எழுதினாலும் சரி, முதல் வரி ஒன்றுதான். "ராமநாதபுரம் ராஜா படையில் கேடயம் ஏந்திய மலையாண்டியின் வம்சத்தில் வந்த பொன்னுச்சாமி ஆகிய நான்." காப்பீட்டு ஆபீசில் ஒருமுறை, "மலையாண்டியோட இறப்புச் சான்றிதழை இணைக்கணுமே" என்று கேட்டார்கள். அதற்கும் அவர் கோபப்படவில்லை. விசாரிக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டார்.

கேடயம் அவர் வீட்டு நடுக்கூடத்துச் சுவரில் இரண்டு ஆணிகளின் மேல் உட்கார்ந்திருக்கும். ரெண்டே கால் அடி அகலம், வட்டம். செம்பு என்று சொல்வார்கள். செம்பைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. நூறு, நூற்றைம்பது வருஷத்துச் சந்தனமும் குங்குமமும் அதன்மேல் அடை அடையாக அப்பியிருந்தன. தண்ணீர் பட்டால் அதன் சக்தி போய்விடும் என்பது வீட்டுச் சட்டம். முன்பக்கம் ஏழு இடத்தில் நசுங்கல் உண்டு. ஏழும் ஏழு வாள்வெட்டு. எந்த வெட்டு எந்த எதிரி போட்டது, அவன் எந்தக் கையால் போட்டான் என்பது வரைக்கும் பொன்னுச்சாமிக்குத் தெரியும். ஓரம் ஏன் இப்படித் தூக்கி நிற்கிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"ரத்தம் வழிஞ்சு கையில பட்டுறக் கூடாதுல்ல மச்சான்" என்றார்.

கேலி செய்கிறேனே தவிர, மனுஷன் உழைப்பாளி. ரெண்டரை ஏக்கரில் முண்டு மிளகாய். களை எடுக்கவும் பழம் பறிக்கவும் நாள் முழுக்கக் குனிந்து கிடப்பார். வீட்டுக்குள் வந்ததும் அந்த முதுகு கம்பு மாதிரி நிமிர்ந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்ப் பதினோராம் நாள் திரும்பி வந்தவர். மேஸ்திரி இவரைப் பார்த்து, "ஏலே, அந்த மூட்டையத் தூக்குடா" என்று சொல்லிவிட்டானாம். கேடயம் பிடித்த வம்சம் மூட்டை தூக்கலாமா? அதே ஆள் இங்கே மிளகாய் மூட்டையைத் தலையில் சுமந்து வண்டியில் ஏற்றுவார். அது சொந்த மூட்டை, அதனால் வம்சத்துக்குக் கேடு இல்லை.

இதெல்லாம் வீட்டோடு இருந்தால் பரவாயில்லை. வைகாசியில் வேப்பங்கண்மாய் அய்யனார் கோயிலுக்குப் புரவி எடுப்பு நடக்கும். மண்குதிரைகளுக்கு முன்னால் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு பொன்னுச்சாமி நடப்பார். கோயில் வாசலில் பூசாரி முதல் பரிவட்டத்தை அவர் தலையில் கட்டுவார். அவருடைய அய்யாவுக்கும் அப்படித்தான், அதற்கு முந்தினவருக்கும் அப்படித்தான். வருஷத்தில் அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் அவர் மீதி நாளெல்லாம் மிளகாய்க் காட்டில் குனிகிறார் என்று எனக்குத் தோன்றும்.

போன வருஷம் பங்குனியில் ஊர்க்கூட்டம் போட்டபோது தங்கப்பாண்டி எழுந்தார். இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர். நல்ல மனிதர், ஆனால் எதையும் வரிசையில் நிறுத்திப் பார்க்கிற புத்தி.

"நான் பனியில நின்னு காவல் காத்தவன். எனக்கு மூணாவது வரிசை. பொன்னுச்சாமி அண்ணனுக்கு மொத மரியாதை. சரி, வச்சுக்கட்டும். ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கேடயத்துக்குப் பிடி எங்க?"

 இத்தனை வருஷமாக ஊரில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. தினமும் கேலி பண்ணிய எனக்கும் தோன்றவில்லை.

"தோல் பிடி. இத்துப் போச்சு" என்றார் பொன்னுச்சாமி.

"அப்போ அதை மாட்டுன ஓட்டை எங்க?"

பொன்னுச்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். புரவி எடுப்புக்குள் கேடயம்தான் என்று நிரூபித்தால் பரிவட்டம் அவருக்கு, இல்லாவிட்டால் தங்கப்பாண்டிக்கு என்று கூட்டத்தில் முடிவானது. மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் பொன்னுச்சாமி என் கடை வாசலில் நின்றார். கேடயத்தை வேட்டியில் சுற்றி, அதன்மேல் ஒரு உரச்சாக்கைப் போர்த்தி, பச்சைப்பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தவர் மாதிரி மார்போடு அணைத்திருந்தார். கிண்டல் பண்ண வாயெடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

முதலில் ராமநாதபுரம் அரண்மனைக்குப் போனோம். அங்கே வைத்திருந்த கேடயங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து குனிந்து பார்த்தார். எல்லாவற்றிலும் நாலு குமிழ், உள்ளே வளையம், வளையத்தில் பிடி. "இதெல்லாம் சாதாரணச் சிப்பாய்க்குக் குடுத்தது" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஆறுதல் யாருக்குத் தேவைப்பட்டது என்று நான் கேட்கவில்லை.

பிறகு கடைத்தெருவில் ஒரு பழைய பாத்திரக் கடைக்குப் போனோம். உலோகம் என்ன, வயசு என்ன என்றாவது சொல்வார்கள் என்பது என் யோசனை. கடைக்காரர் கீழக்கரைக்காரர். சாக்கை விலக்கியதும் ஒரு மாதிரி பார்த்தார். பின்பக்கம் ஓரத்தில் சந்தன அடை கொஞ்சம் பெயர்ந்திருந்தது. அங்கே விரல் நகத்தால் சுரண்டினார்.

"இதுல அரபு எழுத்து வெட்டியிருக்கு. நீங்க கீழக்கரைக்குப் போங்க. எங்க சொந்தக்காரங்க குல்சும் வீட்டுல கேளுங்க. அவங்க மருமகன் ரிஃபாய் இந்த எழுத்தெல்லாம் நல்லாப் படிப்பார்" என்று சொல்லி, வீட்டுக்கு வழியும் எழுதிக் கொடுத்தார். 

கீழக்கரை பஸ்ஸில் பொன்னுச்சாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. "அரபு எழுத்து மச்சான்! அப்போ இது நம்ம ராஜா குடுத்ததில்ல. எதிரி கையிலருந்து பூட்டன் பறிச்சுட்டு வந்தது. நவாப் படையா இருக்கும். பிடிய வெட்டிப்புட்டுத்தான் பறிச்சிருக்காரு!" பஸ் திருப்புல்லாணி தாண்டுவதற்குள் மலையாண்டி நாற்பது பேரை வெட்டிச் சாய்த்துவிட்டார். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று கதை கேட்டார்.

குல்சும் அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். அந்த ஊரில் வீடு பெண்மக்களுக்குத்தான். மருமகன் வந்து மாமியார் வீட்டில் இருப்பார். ரிஃபாய் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். எங்களை உட்கார வைத்துக் குடிக்க நன்னாரி சர்பத் கொடுத்தார்கள். பொன்னுச்சாமி சாக்கைப் பிரித்துக் கேடயத்தை நடுவில் வைத்து, நவாப் படைக் கதையைத் தொடங்கினார். உள்வாசலில் நின்றபடி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டிருந்த குல்சும் அம்மாள், மூன்றாவது வாள்வெட்டு வரும்போது சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் இன்னொரு கேடயம் இருந்தது. அதே அகலம், அதே ஓரம். ஒரு பொட்டு அழுக்கில்லாமல் பளபளவென்று இருந்தது.

"அண்ணே, தப்பா எடுத்துக்கிடாதீங்க. இது சஹன். கல்யாணம் காட்சின்னா இதுலதான் சோறு வைப்போம். சுத்தி நாலு பேர் உக்காந்து ஒண்ணா சாப்பிடுவாங்க. ஒல்லியா இருந்தா அஞ்சு பேர்."

பொன்னுச்சாமி நசுங்கலைத் தொட்டுக் காட்டினார். "அப்போ இந்த வெட்டு?"

"கரண்டி பட்டது."

எனக்குள் சிரிப்பு பொங்கி வந்தது. நூற்றைம்பது வருஷமாக ஒரு வீரவம்சம் பிரியாணித் தட்டுக்குச் சூடம் காட்டியிருக்கிறது! முப்பத்தோரு வருஷக் கேலியெல்லாம் இதற்கு ஒத்திகை என்று தோன்றியது. மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால் தேய்த்தாக வேண்டும் என்றார் ரிஃபாய். பொன்னுச்சாமி சந்தன அடையை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "குடுங்க, நானே தேய்க்கிறேன்" என்றார். குல்சும் அம்மாள் புளியும் சாம்பலும் கொடுத்தார். முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அய்யாவும் தாத்தாவும் பூசிய சந்தனத்தை அவர் அடை அடையாகக் கரைத்தார். அடிக்கடி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புளித்தண்ணீர் தெறித்துவிட்டது என்றார். நான் நம்பியதாகத் தலையாட்டினேன்.

செம்பு தெரிந்தது. எழுத்தும் தெரிந்தது. எழுத்துத்தான் அரபு, உள்ளே இருந்தது நம்முடைய தமிழ். அந்தக் காலத்தில் இங்கே அப்படி எழுதும் வழக்கம் உண்டாம். ரிஃபாய் விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். "சேகு நூகு வீட்டு சஹன். பேதி வந்த வருஷம் எங்களோடே இருந்து உண்ட மலையாண்டிக்குக் கொடுத்தது."

குல்சும் அம்மாள் உள்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "அல்லாவே! வண்டிக்கார மலையாண்டி வீடா நீங்க?"

சேகு நூகு வீடு அதேதான். வீட்டோடு சேர்ந்து தாயிடமிருந்து மகளுக்கு வந்த கதையை அவர் சொன்னார். அந்தக் காலத்தில் ஊரில் வாந்திபேதி வந்ததாம். சேகு நூகு வீட்டில் மட்டும் ஆறு பேர் மௌத்தாகிவிட்டார்கள். வேலையாட்கள் ஓடிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறக்கவில்லை. கடலாடிப் பக்கத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர் மட்டும் திரும்பிப் போகவில்லை. நாற்பது நாள் அங்கேயே இருந்தார். தண்ணீர் கொண்டுவந்தார், செத்தவர்களின் மையத்தைத் தூக்கினார், பிழைத்துக் கிடந்தவர்களுக்குக் கஞ்சி ஊட்டினார். அவர்களோடு ஒரே சஹனில் சாப்பிட்டார்.

"ஊருக்குத் திரும்பிப் போனா, சேக்க மாட்டேன்னுட்டாங்களாம். பேதி வீட்டுல இருந்தவன், துலுக்க வீட்டுல எச்சிச்சோறு தின்னவன்னு. பொஞ்சாதி பிள்ளையோட ஒரு வருஷம் பனங்காட்டுல கெடந்தாராம். எங்க வீட்டுலருந்துதான் அரிசி போகுமாம். பெறகு ஊருக்குள்ள சேத்துக்கிட்டாங்கன்னு சேதி வந்துச்சாம். எப்படிச் சேத்தாங்கன்னு எங்களுக்குத் தெரியாது."

எங்களுக்குத் தெரிந்தது. சஹனைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் வந்திருக்க முடியாது. கேடயத்தை வைத்துக்கொண்டு வரலாம். மலையாண்டி சொன்னாரோ, அவர் பெண்டாட்டி சொன்னாளோ, யாரோ ஒருவர் அதை மார்புக்கு நேரே நிமிர்த்திப் பிடித்து, ராஜா கொடுத்தார் என்று சொல்லியிருக்க வேண்டும். ஊரும் நம்பியிருக்கும், அல்லது நம்பினது போல இருந்திருக்கும்.

மத்தியானம் சாப்பிடாமல் போகக் கூடாது என்றார்கள். மலையாண்டியின் சஹனிலேயே நெய்ச்சோறும் கறியும் வந்தது. ரிஃபாய் உட்கார்ந்தார், அவருடைய தம்பி உட்கார்ந்தார். அடுத்தவர் எச்சில் படும் என்று டீக்கடையில் சொந்த டம்ளர் வைத்திருக்கிற பொன்னுச்சாமி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். நான் வயிறு சரியில்லை என்று சொல்லித் தனித் தட்டு வாங்கிக்கொண்டேன். என் வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை. அடுத்தவர் கை போட்ட சோற்றில் கை வைக்க எனக்குக் கூசியது. ஆயுசு முழுக்க அவரைக் கேலி பேசியவன் நான். அன்றைக்கு என்னைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும்போது பொன்னுச்சாமி யாரையும் வெட்டவில்லை. நான்தான் பேசினேன். "மாப்ள, எழுத்து தேஞ்சு போச்சு, படிக்க முடியலன்னு சொல்லிருவோம். நான் மனு மாதிரி நல்லா எழுதித் தாரேன். பரிவட்டம் எங்கயும் போகாது." அவர் சாக்கை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஊர்க்கூட்டத்தில், நான் எழுதிய தாளை அவர் கையில் கொடுத்தேன். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். சாக்கை விலக்கி, பளபளத்த செம்பைத் தரையில் வைத்தார்.

"தங்கப்பாண்டி, நீ கேட்டது நெசந்தான். இது கேடயமில்ல. சோறு திங்கிற தட்டு." பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பேதியைச் சொன்னார், நாற்பது நாளைச் சொன்னார், பனங்காட்டைச் சொன்னார். அவருக்கு இவ்வளவு குறைவான வார்த்தையில் ஒரு கதை சொல்லத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"பரிவட்டம் எனக்கு வேணாம். தங்கப்பாண்டி கட்டிக்கிடட்டும், அவன் பட்டாளத்துல இருந்தவன். ஊரு எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். அன்னைக்கு மலையாண்டியத் தள்ளி வச்சது தப்புன்னு சொல்லணும். அம்புட்டுத்தான்."

தங்கப்பாண்டி தலையைச் சொறிந்தார். "நான் பிடி எங்கன்னுதான் கேட்டேன். இதை நான் கேக்கலையே அண்ணே."

"அதெல்லாம் எப்பவோ நடந்தது. இப்ப அதைக் கிண்டி என்ன ஆகப்போகுது?" என்றார் ஒருவர். "நாங்களா தள்ளி வச்சோம்?" என்றார் இன்னொருவர். மற்றவர்கள் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். பொன்னுச்சாமி நின்றுகொண்டே இருந்தார். ஒரு வார்த்தைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குமேல் இரண்டு பங்கு நேரம் நின்றார். பிறகு, "புரவி எடுப்பன்னைக்கு மத்தியானம் எங்க வீட்டுல இந்த சஹன்ல சோறு போடுறேன். நாலு பேர் உக்காரலாம். வாரவுக வாங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டார்.  எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. அந்த வேப்பமரத்தையே வெட்டிச் சாய்க்கலாம் போல இருந்தது.

புரவி எடுப்பில் தங்கப்பாண்டிக்குப் பரிவட்டம் கட்டினார்கள். கூட்டத்தோடு நின்ற பொன்னுச்சாமிக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கட்டிப் பார்த்தார், தொங்கவிட்டுப் பார்த்தார், கடைசியில் கும்பிட்டார்.

மத்தியானம் அவர் வீட்டுப் பந்தலில் இலை போட்ட பந்தியில் நாற்பது பேர் சாப்பிட்டார்கள். தங்கப்பாண்டியும் வந்து, கறி அருமை என்று சொல்லி இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உள்ளே நடுக்கூடத்தில் சஹன் நிறையச் சோறும் வெள்ளாட்டுக் கறியும் ஆவி பறந்தது. அதன் முன்னால் பொன்னுச்சாமி ஒருவரே உட்கார்ந்திருந்தார். பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்கள் கூடத்தை எட்டிப் பார்த்தார்கள், நல்ல வார்த்தை சொன்னார்கள், வெற்றிலையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒரு கறித்துண்டை என் பக்கம் தள்ளிவைத்தார். மீதி இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. அந்தப் பக்கங்களுக்கும் நல்ல துண்டாகப் பார்த்துத் தள்ளிவைத்துவிட்டு, சோற்றில் கை வைக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகலெட்சுமி கரண்டியோடு தூண் ஓரமாக நின்றிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் சாப்பிட்டிருக்கிறாள். அது தப்பு என்று அவருக்கும் தோன்றியதில்லை, அண்ணனான எனக்கும் தோன்றியதில்லை. அவள் கரண்டியைக் கறிச்சட்டியில் போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து காலியாக இருந்த பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஊரு வராட்டி என்ன? என்னைய ஒருநாளும் கூப்பிடலையே நீங்க."

பொன்னுச்சாமி அவளைப் பார்த்தார்.  ஊரிடம் அவர் கேட்டாரே ஒரு வார்த்தை, அது அவர் வாயிலிருந்துதான் வந்தது.

"தப்புத்தான்" என்றார்.

அவள் சஹனில் கை வைத்தாள். முதல் கவளத்தை வாயில் போட்டு மென்று பார்த்து, உப்பு கொஞ்சம் கம்மி என்று சொன்னாள்.